மதாம் கேட்ட உதவி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஏழு வருடம் அவருக்குக் கீழே மீன் வெட்டியும் ஒரு நாள்கூட நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடையில் எல்லாருக்கும் அவர் மதாம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவருடைய பெயரை எழுதுகிற துணிவு எனக்கில்லை.

கனடாவில், மொன்றியலின் ஜான்-டலோன் சந்தை ஓரத்தில் இருந்தது அந்த மீன்கடை. இரண்டாயிரமாம் ஆண்டு, பனி உருகத் தொடங்கியிருந்த நாட்களில் வேலை தேடி அங்கே போய் நின்றேன். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்துப் பன்னிரண்டு வசனம். எந்த நாடு, என்ன பத்திரம், முன்பு எங்கே வேலை என்று மதாம் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு கத்தியையும் முழங்கை நீளத்தில் ஒரு மீனையும் என் முன்னால் வைத்தார். நான் மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். மீன் வெட்டப் பழகியது எந்த வயதில் என்று எனக்கே ஞாபகமில்லை. வெட்டி முடித்ததும் முள்ளைத் தூக்கி, அதில் எவ்வளவு சதை ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய ஏப்ரனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

குட்டையான, அகன்ற உடம்பு. அறுபதைத் தாண்டியவர். வெள்ளை மயிரைக் காது தெரியக் கட்டையாக வெட்டியிருப்பார். பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லையோரம் இருக்கிற சான்-ஜான்-டி-லூஸ் என்ற பழைய மீன்பிடித் துறைமுகம் அவருடைய ஊர். யாராவது அவரைப் பிரெஞ்சுக்காரி என்றால், "பாஸ்க்" என்று திருத்துவார். பாஸ்க்காரர் தனிச் சனம், அவர்களுக்கென்று தனி மொழி உண்டு, அந்த ஊர்க்காரர் முந்தைய நூற்றாண்டுகளில் திமிங்கிலமும் கொட் மீனும் தேடிக் கனடாக் கரைவரை வந்து போனவர்கள் என்றெல்லாம் அவரிடமிருந்துதான் அறிந்தேன். "எங்கள் ஆட்கள் மீனோடு திரும்பிப் போனார்கள். நான்தான் போகவில்லை" என்று ஒருமுறை சொன்னார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது பிரெஞ்சு. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மதாம் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். அவரை நினைத்தால் முதலில் வருவது இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, அவர் ஐஸ் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்ததைக் கண்டு ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். நின்றுவிட்டார். "நான் கேட்டேனா?" என்றார். குரலில் கோபமில்லை. தான் கேட்டுவிட்டதாக நான் தவறி நினைத்துவிட்டேனோ என்று யோசிப்பவர் போலத்தான் இருந்தது. நான் கையை எடுத்தேன்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை, கடை நிறையச் சனம். பக்கத்து மேசையில் மதாம் சல்மன் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பினால் அவருக்கு முன்னால் ஐஸ் சிவந்து கிடக்கிறது. உள்ளங்கையில் நீளமாக வெட்டு. துணியைச் சுற்றி, அதன் மேல் கையுறையை மாட்டி, எதிரில் நின்ற கிழவருக்கு மீனைப் பொதி செய்து கொடுத்து, நத்தார் வாழ்த்தும் சொல்லிவிட்டுத்தான் கோட்டை எடுத்தார். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் பேருந்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்த நாள் காலை ஆறு தையலோடு வந்து நின்றார்.

இன்னொரு பனிக்காலத்தில் வீட்டுத் திறப்பைக் கடையில் மறந்து விட்டுப் போய், கதவடியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டில் வெளிச்சம் எரிந்திருக்கிறது. மணியை அடித்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். கடைசியில் மகன் வேலையால் வந்துதான் திறந்தாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். காது மடல் இரண்டும் தோலுரிந்து கிடந்தது.

ஆனால் மற்றவர்களுக்கு வேண்டியது என்ன என்று அவருக்குச் சொல்லாமலே தெரியும். வாங்க வருகிறவர்கள் மீனின் தலை வேண்டாம் என்பார்கள். அந்தத் தலைகள் குப்பைத் தொட்டிக்குள் விழுவதை நான் எப்படிப் பார்த்தேனோ தெரியாது. இரண்டாம் கிழமையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நல்ல தலையாகப் பார்த்து ஒரு பையில் கட்டி என் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். என் மகளுக்குக் காதில் சத்திரசிகிச்சை என்று நாள் குறித்தபோது, லீவு கேட்பதற்கு வசனத்தை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறக்க முதலே நாட்காட்டியில் அந்தக் கிழமை முழுவதையும் எனக்காகக் கோடு போட்டு வைத்திருந்தார். என் முகத்தில் எதைக் கண்டார் என்று இன்றுவரை தெரியாது.

மகளுக்குச் சுகமானால் லூர்து மாதாவிடம் வருவதாக நேர்த்தி வைத்திருந்தேன். தம்பி குடும்பம் பாரிசில் இருந்தது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கோடையில் மகளையும் கூட்டிக்கொண்டு போய், அவர்களுடைய வான் வண்டியில் லூர்துக்குப் போவதென்று ஒழுங்காகியது. மதாமிடம் சொன்னேன். நல்லது என்றார்.

அன்று பின்னேரம் கடை பூட்டுகிற நேரம், கழுவிய பலகையையே அவர் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். நான் கோட்டைப் போடப் போனபோது முதுகைக் காட்டியபடியே கதைத்தார்.

"லூர்திலிருந்து எங்கள் ஊர் இரண்டு மணித்தியாலம்."

நான் நின்றேன்.

"போகச் சொல்லவில்லை. போனால், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவீர்களா?"

அங்கே அவருடைய அக்கா இருந்தார். தாயைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் கல்யாணம் செய்யாமல் இருந்தவர். தாய் இறந்தபோது மதாமுக்குக் கைக்குழந்தை. பயணத்துக்குக் கணவரிடம் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாராம். இவர் கேட்கவில்லை. செத்தவீட்டுக்குப் போகாததற்கு அக்கா ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இனிக் கடிதம் போட வேண்டாம். ஏன் என்று இவர் கேட்கவில்லை. முப்பது வருடம் அப்படியே போய்விட்டது. "எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி" என்றார் மதாம்.

நான் அங்கே போய் எதையும் சொல்லத் தேவையில்லை. ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, மேப்பிள் மரச் சாற்றுப் பாணி அடைத்த தகரப் பேணி ஒன்றைக் கையில் கொடுத்து, இன்னார் தந்தது என்றால் போதும். விலாசத்தைப் பெரிய எழுத்தில் ஒரு கடுதாசியில் எழுதித் தந்தார். நான் சத்தியம் பண்ணாத குறையாக ஓம் என்றேன். அந்த நேரம் மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

லூர்தில் நேர்த்தி முடிந்தது. மூன்றாம் நாள் காலை தம்பியை வற்புறுத்திக் கடற்கரைப் பக்கம் வானைத் திருப்ப வைத்தேன். பிள்ளைகளுக்குக் கடல் என்றதும் சந்தோசம்.

அழகான ஊர். வளைந்த குடா, அதன் வாயை மறித்துக் கட்டிய கல்லணைகள். முற்காலத்தில் கடல் புகுந்து தெருக்களையே கொண்டுபோனதால் கட்டியதாம். ஒரு பக்கம் குளிக்க வந்த சனமும் குடைகளும். ஐந்து நிமிடம் நடந்தால் மறுபக்கம் துறைமுகம். சிவப்பும் பச்சையும் நீலமும் அடித்த படகுகள், குவித்து வைத்த வலைகள், டீசலும் மீனும் கலந்த மணம். எனக்கு அந்த மணத்தில் கால் ஒரு கணம் நின்றது. வீடுகளெல்லாம் வெள்ளைச் சுவரும் காய்ந்த இரத்த நிறத்தில் மரச்சட்டமுமாக இருந்தன.

கோயிலுக்குள்ளும் போனோம். கறுத்த மரத்தில் மூன்று தட்டாக மாடங்கள். ஆண்களுக்கு மேலே இடம், பெண்களுக்குக் கீழே என்று மதாம் சொல்லியிருந்தார். நடுக் கூரையிலிருந்து ஒரு சின்னக் கப்பல் தொங்கியது. வெளியே, கல் வைத்து அடைத்த வாசலையும் கண்டேன். பிரான்சின் பெரிய அரசன் ஒருவன் அங்கே கல்யாணம் முடித்து வெளியே வந்த வாசலாம் அது. அதற்குப் பிறகு அடைத்துவிட்டார்கள் என்பது கதை. சின்ன வயதில் அக்காவும் மதாமும் அந்தக் கல்லில் தட்டி, "ராசா வீட்டிலா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்களாம். மகளிடம் சொன்னேன். அவளும் போய்த் தட்டினாள்.

பிள்ளைகளைத் தம்பியின் மனைவி கடற்கரைக்குக் கூட்டிப்போக, தம்பி வானடியில் நின்றான். மகள் என்னோடு வந்தாள். விலாசத்தில் இருந்த ஒழுங்கையைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஒரு கேக் கடைக்குள் நுழைந்து, கடுதாசியைக் கையில் நீட்டியபடி "மன்னியுங்கள், மதாம்" என்று தொடங்கினேன். அந்தக் கடைக்காரி கடுதாசியைப் பார்க்கவே இல்லை. கடுதாசி நீட்டிப் பிச்சை கேட்பவர்கள் அந்தப் பக்கம் வருவார்களாம். அது எனக்குப் பிறகு தம்பி சொல்லித்தான் தெரியும். "இங்கே கொடுப்பதில்லை, வெளியே போங்கள்" என்று கையை வீசினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வெளியே வந்ததும் மகள் பிரெஞ்சில் கேட்டாள்: "அம்மா, அவ என்ன கொடுக்கமாட்டா?"

ஒழுங்கை அடுத்த மூலையிலேயே இருந்தது. துறைமுகத்தைப் பார்த்த மூன்றாவது வீடு. கதவில் இரும்பாலான ஒரு கை, தட்டுவதற்கு. மேல் யன்னல் விரியத் திறந்திருந்தது. வெள்ளைத் தலையோடு ஒரு கிழவி வெளியே குனிந்து மேசைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தார். மதாமின் அதே தோள். விசாரிக்கவே தேவையில்லை. அவரும் என்னைக் கண்டார்.

கைப்பையில் பேணி கனத்தது. அந்த இரும்புக் கையை நான் பார்த்தேன். இவரும் கையை வீசினால், மகளுக்கு முன்னால் இரண்டாம் தடவையும், என்று நினைத்தேன். தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, பார்க்கிங் முடியப்போகுது. கெதியா வா. கண்ட கண்ட வீட்டிலை போய்த் தட்டாதை, பொலிசுக்கு அடிச்சாலும் அடிப்பினம்."

எனக்கு ஒரு சாட்டுத் தேவைப்பட்டது, அவன் தந்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். பாரிசுக்குத் திரும்புகிற வழியில் பிள்ளைகள் பசி என்றபோது அந்தப் பேணியை உடைத்துப் பாண் துண்டுகளில் ஊற்றிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்கள்.

மொன்றியலில் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மதாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். மத்தியானம்வரை அவர் என் பக்கமே பாராமல் மீன் வெட்டினார். எனக்குத்தான் தாங்க முடியவில்லை. போனேன், வீடு பூட்டியிருந்தது, யன்னல்களெல்லாம் அடைத்திருந்தன, பேணியை வாசலில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். யாருக்கும் நோகாத பொய் என்று வழியெல்லாம் யோசித்துச் செய்த பொய்.

"மேல் யன்னலும் மூடியிருந்ததா?" என்றார்.

"ஓம், மதாம்."

"துறைமுகப் பக்கத்து யன்னல்?"

"ஓம்."

கத்தியைத் துடைத்து வைத்தார். அவ்வளவு தூரம் போனதற்கு நன்றி என்றார். பிறகு, அந்த யன்னலைக் கோடையில் பகலில் மூடியது தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், தகப்பன் செத்த மூன்று நாளும், என்று தன்பாட்டில் சொன்னார். தாயும் அக்காவும் படகுகளைப் பார்க்காமல் இருக்கமாட்டார்களாம்.

அவர் என்ன முடிவுக்கு வருகிறார் என்று எனக்கு விளங்கியது. என் கண்ணுக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தார். இல்லை மதாம், இருக்கிறார், விரிப்பு உதறினார் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் இறால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

செப்டெம்பரில் மதாம் தன் பங்குக் கோயிலில் அக்காவின் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார். என்னை வரச்சொல்லவில்லை. ஞாயிறு பத்து மணிக்குப் பூசை என்று மட்டும் கடையில் சொன்னார். போகாமல் இருக்க முடியவில்லை. நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் இருந்த பெரிய பழைய கோயில் அது. மதாமும் மகனும் நானுமாக ஒரே வாங்கில் இருந்தோம். சுவாமியார் அந்தப் பெயரை வாசித்தபோது மதாமின் தையல் தழும்புள்ள கை முன்வாங்கைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் சனத்தில் உயிரோடு இருக்கிறவருக்கு இரங்கல் பூசை வைத்தால் என்னவாகும் என்று என்னவெல்லாமோ சொல்வார்கள். நற்கருணை எடுக்க நான் எழும்பவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். இவருக்கு மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் களஞ்சியத்தில் வேலை, களைத்துப்போய் வந்திருந்தார். "விடும். முடிஞ்ச கதை. இனிச் சொன்னா மனுசிக்குப் பேந்தும் ஒரு கவலைதானே" என்றார். அதையும் ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன். ஒக்டோபர், நவம்பர், நத்தார் எல்லாம் போயின. மதாம் வழக்கம்போலச் சனிக்கிழமைகளில் மீன் தலை கட்டி வைத்தார். நான் கொண்டுபோய்க் குழம்பு வைத்தேன்.

தவக்காலத்தில் தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுவதையும் கேட்டார்.

"என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போறது லேசு, மகள். அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. பேந்து வாங்கோ."

அடுத்த நாள் காலை, கடை திறக்க முதல் சொன்னேன். வீட்டைக் கண்டுபிடித்தது, யன்னல், வெள்ளைத் தலை, மேசைவிரிப்பு, கேக் கடை, பிள்ளைகள் பாணில் ஊற்றித் தின்றது எல்லாம். மதாம் நின்றபடியே கேட்டார். ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். பிறகு கடையின் பின்னறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். இங்கே காலை எட்டு மணி, அங்கே பின்னேரம் இரண்டு.

தொலைபேசி விசாரணைப் பிரிவில் இலக்கம் வாங்கி, அந்த ஊர்க் கோயிலுக்கு எடுத்தார். முதலில் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியவர், மறுபக்கத்தில் யார் வந்தார்களோ, வேறு மொழிக்கு மாறினார். அவர் பாஸ்க் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. ஒரு அந்நியரிடம் மதாம் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, "நவம்பரில்" என்றார். "நித்திரையிலேயே போயிருக்கிறார்."

பூசை செப்டெம்பரில். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் அவர் அன்றே தொலைபேசியை எடுத்திருப்பார். இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. அதை அவரும் கணக்குப் பார்த்திருப்பார். முன்கதவைத் திறந்து, வந்த முதல் ஆளுக்குக் காலை வணக்கம் சொன்னார்.

என்னை வேலையால் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, மீன் கழுவும் தொட்டியடியில், "மெலிந்துபோயிருந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மயிர் நீளமா? கொண்டை போட்டிருந்தார். மேசைவிரிப்பு என்ன நிறம்? வெள்ளை, சிவப்புக் கோடு. அது அம்மாவின் விரிப்பாக இருக்கும் என்றார். கையில் நடுக்கம் இருந்ததா? இல்லை, இரண்டு தரம் பலமாக உதறினார். நான் கண்டது ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பல நாளாகத் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு நாள், "உங்களைக் கண்டு ஏதாவது சொன்னாரா?" என்றார்.

"இல்லை, மதாம். ஒன்றும் சொல்லவில்லை."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் கடையை விற்றுவிட்டு மகனோடு ஷெர்புரூக் பக்கம் போனார். அடுத்த பனிக்காலத்தில் இறந்துவிட்டார் என்று மகன் அறிவித்தபோது, அந்தப் பூசைக்கும் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன்.

ஆனால் அன்று யன்னலில் நின்ற அந்தக் கிழவி சொன்னார். விரிப்பை உதறி முடித்துவிட்டு, யன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, என்னையும் மகளையும் பார்த்து, "யாரையாவது தேடுகிறீர்களா, பிள்ளை?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். நான் விலாசக் கடுதாசியைக் கைக்குள் மடித்துக்கொண்டு, "இல்லை மதாம், ஒருத்தரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.